ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வந்த 187 பேர்

ஸ்க்விட் கேம் என்ற கொரியத் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் அந்தப் பெரிய பொம்மையில்தான் ஆரம்பிப்பார்கள். பொம்மை தலையைத் திருப்பும்போது அசைந்தவன் செத்தான். 2021 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்ததிலிருந்து உலகம் முழுக்க மனசில் நின்ற காட்சி அது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு அடுத்த எபிசோட். அதில் விளையாட்டே கிடையாது. ஒரு ஓட்டெடுப்பு நடக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான். தொடரின் மொத்த சாரமும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மூன்று சீசன் கதையும் உள்ளே வரும், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பரிசுப் பணத்துக்காகச் சிறுபிள்ளை விளையாட்டுகள் ஆட ஒரு தீவுக்கு வந்த 456 பேர், தோற்றால் சாவு. எல்லோரும் கழுத்துவரை கடனில் இருப்பவர்கள். முதல் ஆட்டம் முடியும்போது 255 பேர் பிணம். உயிரோடு மிஞ்சிய 201 பேரும் தங்கும் கூடத்தில் மண்டியிட்டுக் கெஞ்சுகிறார்கள். கடனை எப்படியாவது கட்டிவிடுகிறோம், விட்டுவிடுங்கள் என்று ஒரு பெண் கதறுகிறாள். அப்போது சாங்-வூ என்ற போட்டியாளன் சம்மதப் பத்திரத்தின் மூன்றாவது விதியை எடுத்துப் பேசுகிறான். பெரும்பான்மை ஒத்துக்கொண்டால் ஆட்டத்தை நிறுத்தலாம். ஆட்டத்தை நடத்தும் முகமூடிக்காரர்கள் ஒரு நொடிகூடத் தயங்காமல் சரி என்கிறார்கள். ஆனால் ஓட்டெடுப்புக்கு முன்னால் ஒரு காரியம் செய்கிறார்கள். கூரையிலிருந்து ஒரு பெரிய கண்ணாடிப் பன்றி உண்டியல் இறங்குகிறது. நோட்டுக்கட்டுகள் மேலிருந்து அதற்குள் கொட்டுகின்றன. செத்த ஆளுக்குத் தலா 10 கோடி வொன், 255 பேருக்கு 2,550 கோடி. ஆட்டத்தை நிறுத்தினால் அது செத்தவர்கள் வீட்டுக்குப் போய்விடும், இருப்பவர்கள் வெறுங்கையோடு கிளம்ப வேண்டியதுதான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுப் போட விடுகிறார்கள்.

கொஞ்சம் முன்னால் மண்டியிட்டு அழுதவர்களின் முகங்களை அந்த இடத்தில் கவனித்துப் பாருங்கள். பணம் விழும் சத்தத்தில் அழுகை நிற்கிறது. எல்லோர் தலையும் மேலே நிமிர்ந்திருக்கிறது. உண்டியலின் மஞ்சள் வெளிச்சம் முகத்தில் விழுகிறது. ஓட்டு 100-க்கு 100 என்று வந்து நிற்கிறது. மிச்சம் 001-ஆம் எண் போட்ட கிழவர் மட்டும். அவர் நிறுத்தச் சொல்லிப் பொத்தானை அமுக்குகிறார். அத்தனை பேரையும் வெளியே விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் சில நாள் கழித்து, 201 பேரில் 187 பேர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். தலையில் துப்பாக்கி வைத்து யாரும் இழுத்து வரவில்லை. போன் செய்து, சொன்ன இடத்தில் நின்று, வேனில் ஏறி வருகிறார்கள்.

பேராசை பெருநஷ்டம் என்று நம்மூரில் சட்டென்று ஒரு தீர்ப்பு உண்டு. இந்தத் தொடரைப் பற்றியும் அதைத்தான் நிறையப் பேர் சொன்னார்கள். சாவு நிச்சயம் என்று கண்ணால் பார்த்த பிறகும் பணத்துக்காகத் திரும்பி வந்தால் அது பேராசை இல்லாமல் வேறென்ன என்று கேட்டார்கள். அந்த 187 பேரில் தொடர் நமக்கு அறிமுகப்படுத்துகிறவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. கதாநாயகன் கி-ஹுன் வீட்டுக்குப் போகிறான். சர்க்கரை வியாதியில் அம்மாவின் கால் அழுகிக்கொண்டிருக்கிறது. காப்பீட்டை முன்பே அவன் ரத்து செய்து பணத்தைச் செலவழித்துவிட்டான். வடகொரியாவிலிருந்து தப்பி வந்த சே-ப்யோக்குக்குத் தம்பியை அநாதை இல்லத்திலிருந்து மீட்க வேண்டும், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மாவைக் கூட்டி வர ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த அலிக்கு ஆறு மாதச் சம்பளம் வரவில்லை. மனைவியையும் கைக்குழந்தையையும் ஊருக்கு அனுப்பியாக வேண்டும். சாங்-வூ, வாடிக்கையாளர்களின் பணத்தையும் சேர்த்துப் பங்குச் சந்தையில் 600 கோடி வொன் தொலைத்தவன். மீன் விற்கும் அம்மாவின் கடையும் வீடும் அவனால் அடமானத்தில் இருக்கின்றன. போலீஸ் தேடுகிறது. இந்த நால்வரில் சாங்-வூவை மட்டும் பேராசைக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. மற்றவர்கள் கேட்பது வட்டி கட்டாமல் மூச்சுவிட ஒரு வழி.

அந்த எபிசோடுக்குப் பெயரே ‘நரகம்’. அப்படிப் பெயர் வைத்தது பிணங்கள் விழுந்த எபிசோடுக்கு இல்லை, வீட்டுக்குப் போன எபிசோடுக்கு. இயக்குநர் ஹ்வாங் டோங்-ஹ்யுக் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகும் நாம் பொம்மையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கொரியாவின் கடன் கதை தெரிந்தால் இது இன்னும் உறைக்கும். 1997 நவம்பரில் நாடு திவாலாகும் நிலைக்கு வந்து சர்வதேச நாணய நிதியத்திடம் கை நீட்டியது. அந்தக் கடனை அடைக்க 1998 தொடக்கத்தில் மக்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தையும் குழந்தைகளின் பிறந்தநாள் மோதிரத்தையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 200 டன்னுக்கு மேல் தங்கம் சேர்ந்தது. நிதியத்தின் நிபந்தனையில் ஆள்குறைப்புக்குச் சட்டம் வளைந்து கொடுத்தது, ஆயுட்கால வேலை என்ற நம்பிக்கை உடைந்தது. பொருளாதாரத்தை மறுபடி ஓடவைக்க அரசே கிரெடிட் கார்டை ஊக்குவித்தது. 2003-ல் அந்தக் குமிழி வெடித்து லட்சக்கணக்கான பேர் தவணை கட்ட முடியாதவர்கள் பட்டியலில் விழுந்தார்கள். ஸ்க்விட் கேம் வெளிவந்த 2021-ல் கொரியக் குடும்பங்களின் மொத்தக் கடன் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியையே தாண்டியிருந்தது. அந்த ஜூலையில்தான் சட்டப்படி வாங்கக்கூடிய உச்ச வட்டியை 24 சதவீதத்திலிருந்து 20 ஆக இறக்கினார்கள். ஆண்டுக்கு 20 சதவீதம் என்பதே சட்டப்படி. கி-ஹுனிடம் சிறுநீரகத்தையும் கண்ணையும் எழுதி வாங்கும் ஆட்கள் அந்தச் சட்டத்துக்கும் வெளியே இருப்பவர்கள்.

கி-ஹுன் சூதாடி, அம்மா காசைத் திருடுகிறவன். முதல் எபிசோடில் அவனைப் பார்த்து நமக்கு வரும் எரிச்சல் நியாயமானது. ஐந்தாவது எபிசோடில்தான் அவன் எங்கிருந்து வந்தவன் என்று தெரிகிறது. விளக்கணைந்த பிறகு இன்னொரு கும்பல் தாக்கும் என்று பயந்து, அவனுடைய குழு இரும்புக் கட்டில்களைக் குவித்து அரண் கட்டுகிறது. மாற்றி மாற்றிக் காவல் இருக்கிறார்கள். அந்த இருட்டில் கி-ஹுனுக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய ராத்திரி ஞாபகம் வருகிறது. ட்ராகன் மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனியில் அவன் வேலை பார்த்தான். நிர்வாகம் ஆட்களைக் குறைத்தது, தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆலைக்குள்ளேயே அரண் கட்டி உட்கார்ந்தார்கள், அவன் கண் முன்னாலேயே ஒரு தோழன் அடிபட்டுச் செத்தான். அன்றைக்குத்தான் அவன் மகள் பிறந்தாள். மனைவி பக்கத்தில் அவன் இல்லை. வேலை போன பிறகு கோழிக்கறிக் கடை வைத்தான், நொடித்தது. சின்ன உணவுக்கடை வைத்தான், அதுவும் போனது. கொரியாவில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் சொந்தத் தொழில்காரர். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் செட்டில்மென்ட் பணத்தில் கோழிக்கடை போடுவது 1997-க்குப் பிறகு அங்கே வாடிக்கையாகிவிட்டது.

ட்ராகன் மோட்டார்ஸ் கற்பனைப் பெயர்தான். அதன் பின்னால் இருப்பது சாங்யோங் மோட்டார். கி-ஹுனை உருவாக்கும்போது அதைத்தான் நினைத்தேன் என்று ஹ்வாங் சொல்லியிருக்கிறார். 2009-ல் அந்த நிறுவனம் 2,646 பேரை வேலையை விட்டு அனுப்ப முடிவெடுத்தது. பியோங்டேக் நகரத்து ஆலையைத் தொழிலாளர்கள் 77 நாள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். உள்ளே தண்ணீர் நிறுத்தப்பட்டது. ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகைத் திரவம் கொட்டினார்கள். கடைசியில் கிரேனில் கன்டெய்னரைத் தூக்கி அதில் அதிரடிப் போலீசைக் கூரையில் இறக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் தற்கொலையிலும் நோயிலும் இறந்த அந்தத் தொழிலாளர்களும் குடும்பத்தாருமாக 2018-க்குள் 30 பேர். இதைப் படித்துவிட்டு அந்தக் கட்டில் அரண் காட்சியை மறுபடி பார்த்தேன். அதில் கி-ஹுன் ஒருவன்தான் கைதேர்ந்தவன்போல் வேலை செய்கிறான். எங்கே கற்றுக்கொண்டான் என்று இப்போது தெரிகிறது.

தொடரில் முதலாளித்துவம் என்ற சொல்லே தேவைப்படாத ஒரு காட்சி உண்டு. கண்ணாடிப் பாலம். இரண்டிரண்டாகப் பதித்த கண்ணாடிகளில் ஒன்று கடினமானது, ஆளைத் தாங்கும். இன்னொன்று சாதாரணமானது, உடையும். முன்னால் போகிறவர்கள் ஊகித்துக் குதித்துச் சாகிறார்கள். அவர்கள் சாவினால்தான் பின்னால் வருபவர்களுக்கு வழி தெரிகிறது. அப்போது ஒருவன் முன்னே வருகிறான். கண்ணாடித் தொழிற்சாலையில் வருடக்கணக்காக வேலை செய்தவன். குனிந்து, வெளிச்சம் கண்ணாடியில் எப்படி விழுகிறது என்று பார்த்தே எது எது என்று கண்டுபிடித்துவிடுகிறான். தட்டினால் வரும் சத்தத்திலும் அவனுக்குத் தெரியும். வாழ்நாள் உழைப்பில் சேர்ந்த அறிவு, அவனிடம் உள்ள ஒரே சொத்து அதுதான். மாடத்தில் உட்கார்ந்து பந்தயம் கட்டும் பணக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். முகமூடிக்காரர்களின் தலைவரான ஃப்ரண்ட் மேன் விளக்குகளை அணைத்துவிடுகிறார்.

சில எபிசோடுக்கு முன்னால்தான் அதே ஃப்ரண்ட் மேன், காவலாளிகளோடு கள்ளக்கூட்டு வைத்து அடுத்த ஆட்டம் என்ன என்று தெரிந்துகொண்ட ஒரு டாக்டரைக் கொன்று தூக்கில் தொங்கவிட்டிருந்தார். வெளி உலகத்தில் ஏற்றத்தாழ்வால் அடிபட்டவர்களுக்கு இங்கே சமமான வாய்ப்பு தருகிறோம், அந்தக் கொள்கையை இவன் கெடுத்தான் என்றார். சமத்துவம் என்ற சொல் அதிகமாகக் கேட்கும் எபிசோட் அது. திருட்டுத்தனமாக முன்கூட்டித் தெரிந்துகொண்டால் தூக்கு. உழைப்பால் தெரிந்துகொண்டால் இருட்டு. எந்த அறிவு நியாயமானது, எது சலுகை என்று முடிவு செய்யும் ஸ்விட்ச் யார் கையில் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

அலியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அனுபம் திரிபாதி என்ற தில்லிக்காரர் நடித்த பாகிஸ்தானித் தொழிலாளி. ஆலையில் விரல்களை இழந்தவன். சம்பளம் கேட்டுப் போகும்போது முதலாளி கையை விரிக்கிறார். கொரியாவில் 2004 முதல் வேலை அனுமதித் திட்டம் என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை என்று பல நாட்டுக்காரர்கள் அதில்தான் போகிறார்கள். இலங்கையில் கொரிய மொழித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்தத் திட்டத்தில் போனவர் நினைத்த நேரத்தில் முதலாளியை மாற்ற முடியாது. எத்தனை தடவை, எந்தக் காரணத்துக்கு மாறலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆபத்தான வேலை யார் தலையில் விழுகிறது என்பதற்கு ஒரு உதாரணம் போதும். 2024 ஜூனில் ஹ்வாசோங் நகரத்தில் ஒரு லித்தியம் பேட்டரி ஆலை எரிந்தது. இறந்த 23 பேரில் 18 பேர் வெளிநாட்டவர்கள்.

அலி எல்லோரையும் ‘முதலாளி’ என்றுதான் கூப்பிடுவான். பஸ்ஸுக்குக் காசு கொடுத்த சாங்-வூவையும் அப்படித்தான் கூப்பிட்டான். அண்ணா என்று கூப்பிடு என்கிறான் சாங்-வூ. கோலி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிரே நிற்க வேண்டி வருகிறது. தோற்றுக்கொண்டிருக்கும் சாங்-வூ, இரண்டு பேருமே பிழைக்க ஒரு வழி இருக்கிறது, அதற்குக் கோலிகளைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று சொல்லி, தன் சட்டையைக் கிழித்துப் பை தைத்தமாதிரி முடிந்து அலியின் கழுத்தில் மாட்டிவிடுகிறான். உள்ளே கோலிக்குப் பதில் கூழாங்கற்கள். அலி அந்தப் பையைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணனைத் தேடி நடப்பதை என்னால் இரண்டாம் முறை முழுசாகப் பார்க்க முடியவில்லை. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்து, முதலீட்டு நிறுவனத்தில் இருந்த ஒருவன், தன்னை நம்பிய ஒருவனிடமிருந்த மதிப்பை எடுத்துக்கொண்டு வெறும் கல்லைப் பத்திரம் என்று கொடுத்துவிட்டுப் போகிறான். அவன் வெளியே செய்துகொண்டிருந்த வேலையும் இதுதான். தீவில் அதற்குச் சட்டைத் துணி போதுமானதாக இருந்தது.

அப்படியானால் பேராசை யாரிடம்தான் இருக்கிறது? 001-ஆம் எண் கிழவர் ஓ இல்-நாமிடம். இவ்வளவையும் உருவாக்கியவர் அவர் என்று கடைசி எபிசோடில் தெரியவருகிறது. பணத்தைச் சுழலவிட்டுப் பணம் பண்ணியவர். பணமே இல்லாதவனுக்கும் அளவுக்கு மீறிப் பணம் இருப்பவனுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு, இரண்டு பேருக்கும் வாழ்க்கையில் சுவாரஸ்யம் இல்லை என்கிறார் மரணப் படுக்கையில். இந்த வசனத்தைத் தத்துவம்போல் பகிர்ந்தவர்கள் உண்டு. எனக்கு அது கோபத்தைத்தான் கிளப்பியது. பசியையும் சலிப்பையும் ஒரே தட்டில் வைக்கிற பேச்சு அது. இல்லாதவனுக்குச் சுவாரஸ்யம் இல்லாததா பிரச்சினை? அம்மாவின் காலைக் காப்பாற்ற முடியாததுதான் பிரச்சினை. இன்னொன்றும் சொல்கிறார் அவர். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, நீங்களே விரும்பித்தான் வந்தீர்கள். அந்த 100-க்கு 100 ஓட்டெடுப்பில் நிறுத்தச் சொல்லிப் பொத்தானை அமுக்கியவர் அவர்தான் என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். ஏன் அப்படிச் செய்தார்? வெளியே போனாலும் திரும்பி வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். திரும்பி வந்த பிறகு ஒருவனும் வாய் திறக்க முடியாது, கையெழுத்து அவனுடையது. கடன் கொடுத்துப் பழகியவருக்குத்தான் இந்தக் கணக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

2024 டிசம்பரில் வந்த இரண்டாவது சீசன் இந்த ஓட்டெடுப்பையே முதுகெலும்பாக எடுத்துக்கொண்டது. பலருக்கு அது சலிப்பாக இருந்ததாம், எனக்கு இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஓட்டு. நிறுத்தினால் அதுவரை சேர்ந்த பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டு கிளம்பலாம். முதல் ஆட்டத்தில் 91 பேர் சாகிறார்கள். 910 கோடியை 365 பேர் பிரித்தால் ஆளுக்கு ஏறக்குறைய 2.49 கோடி வொன், நம்ம பணத்தில் சுமார் 15 லட்சம் ரூபாய். உயிரோடு கையில் கிடைக்கும் பணம். இருந்தும் 183-க்கு 182 என்று தொடரச் சொல்லி முடிவாகிறது. கடைசி ஓட்டு மறுபடியும் 001, இந்த முறை அந்த எண்ணில் இருப்பவர் ஃப்ரண்ட் மேன். இங்கே பேராசை என்ற வாதம் வலுவாகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தொகையைப் பாருங்கள். கடனில் பாதியைக்கூட அடைக்காத, ஆனால் ஆசையை எழுப்பிவிடும் தொகை. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று சொல்ல வைக்கும் தொகை. சட்டையில் சிவப்பு, நீலம் என்று பேட்ஜ் ஒட்டித் தரையில் கோடு போட்டுப் பிரித்ததும், பக்கத்தில் படுத்திருந்தவன் எதிரியாகிவிடுகிறான். ராத்திரி ஒருவரையொருவர் முள்கரண்டியால் குத்துகிறார்கள். மாடத்தில் இருப்பவர்களைப் பற்றி அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகமே இல்லை.

மூன்றாவது சீசன் எனக்குக் கையைவிட்டு நழுவியது. பச்சைக் குழந்தையைப் போட்டியாளர் ஆக்குவதும், அதற்காகக் கி-ஹுன் உயிரைக் கொடுப்பதும் உருக்கமாக இருந்தன. ஆனால் கடனும் வேலையும் கதையிலிருந்து கரைந்து, நல்லவன் கெட்டவன் கதையாக அது முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்தத் தொடரைச் சுற்றி ஓடிய பணமும் இதே கதையைத்தான் சொல்கிறது. 2000-களின் கடைசியில் ஹ்வாங் இதைச் சினிமாவாக எழுதிக்கொண்டிருந்தபோது கையில் காசில்லாமல் லேப்டாப்பையே விற்க வேண்டி வந்தது. கதையைக் கேட்டவர்கள் நம்ப முடியாத கொடூரம் என்று ஒதுக்கினார்கள். பத்து வருடம் கழித்து நெட்ஃபிளிக்ஸ் எடுத்தது. கசிந்த உள் ஆவணங்களின்படி முதல் சீசனுக்குச் செலவு சுமார் 2.14 கோடி டாலர், நிறுவனத்துக்கு அதனால் கிடைத்த மதிப்பு சுமார் 89 கோடி டாலர். ஒப்பந்தத்தில் சொன்னதைத்தான் தந்தார்கள் என்று ஹ்வாங் அப்போதே சொன்னார். படப்பிடிப்பின் மன அழுத்தத்தில் அவருக்குப் பற்கள் விழுந்தன. முதல் சீசனில் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை, அதை ஈடுகட்டுவதும் இரண்டாவது சீசன் எடுக்க ஒரு காரணம் என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். அவரும் ஒருவகையில் திரும்பி வந்தவர்தான்.

2021 அக்டோபர் கடைசியில் ‘ஸ்க்விட்’ என்ற பெயரில் ஒரு கிரிப்டோ நாணயம் வந்தது. தொடருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சில நாட்களில் விலை 2,800 டாலரைத் தாண்டியது. வாங்க முடிந்தது, விற்கத்தான் வழியில்லை. நவம்பர் 1 அன்று உருவாக்கியவர்கள் சுமார் 33 லட்சம் டாலரோடு மறைந்தார்கள், நிமிடங்களில் விலை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தது. 2023-ல் நெட்ஃபிளிக்ஸே 456 நிஜ மனிதர்களை வைத்து, 45.6 லட்சம் டாலர் பரிசோடு, இதே பொம்மையோடு ரியாலிட்டி ஷோ நடத்தியது. இங்கிலாந்தின் ஜனவரிக் குளிரில் மணிக்கணக்கில் அசையாமல் நின்றதாகப் போட்டியாளர்கள் புகார் சொன்னார்கள். அதை நான் பார்க்கவில்லை, பார்க்க மாட்டேன். மாடத்தில் இருந்த அந்த நாற்காலியில் உட்கார எனக்கு விருப்பமில்லை.

கொரியத் தொழிலாளர்கள் இந்தத் தொடரை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். 2021 அக்டோபர் 20 அன்று தொழிற்சங்கக் கூட்டமைப்பின் பொது வேலைநிறுத்தத்தில், ஸ்க்விட் கேம் உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு சியோல் தெருக்களில் இறங்கினார்கள். கி-ஹுன் யார் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தொடர் காட்டாமல் விட்ட ஒன்றும் அதே சாங்யோங் கதையில் இருக்கிறது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் நிறுவனத்துக்கும் போலீசுக்கும் சேர்த்து 470 கோடி வொன் நட்ட ஈடு கட்ட வேண்டும் என்று 2013-ல் ஒரு நீதிமன்றம் சொன்னது. வேலையும் போய், இந்தக் கடனும் தலையில். அதைப் படித்த ஒரு பெண் ஒரு வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, உள்ளே 47,000 வொன் வைத்து அனுப்பினார். ஒரு லட்சம் பேர் இப்படி ஆளுக்கு 47,000 கொடுத்தால் 470 கோடி அடைந்துவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. ஆள் குறையக் குறையப் பங்கு ஏறுகிற உண்டியல் கணக்குக்கு நேர் எதிர்க் கணக்கு இது, ஆள் சேரச் சேரச் சுமை இறங்குகிறது. அந்தக் காலத்துச் சம்பள உறையின் நிறத்தை வைத்து அது மஞ்சள் உறை இயக்கம் ஆனது. பல்லாயிரம் பேர் பணம் அனுப்பினார்கள், பாடகி லீ ஹ்யோ-ரியும் ஒரு கடிதத்தோடு தன் 47,000-ஐ அனுப்பினார். போலீஸ் கேட்ட நட்ட ஈட்டு வழக்கில், ஹெலிகாப்டர் தாக்குதலை எதிர்த்தது தற்காப்பாக இருக்கலாம் என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, முந்தைய தீர்ப்பைத் திருப்பி அனுப்பியது. வேலைநிறுத்தக்காரர்கள் மீது இப்படி நட்ட ஈடு வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு ‘மஞ்சள் உறைச் சட்டம்’ என்றே பெயர் வந்துவிட்டது. அதிபர் அதை இரண்டு முறை மறுத்துத் திருப்பினார். ஆட்சி மாறிய பிறகு, 2025 ஆகஸ்ட் 24 அன்று, கொரிய நாடாளுமன்றத்தில் அது ஓட்டெடுப்பில் நிறைவேறியது. ஸ்க்விட் கேமின் கடைசி சீசன் வெளிவந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.